தேதி சொன்ன சாட்சி

ஆப்பிள் நிறுவனத்தின் கோப்புகளில் ஒரு கூட்டக் குறிப்பு இருந்தது. 2001 அக்டோபர் 19 அன்று இயக்குநர் குழு கூடி, ஸ்டீவ் ஜாப்ஸுக்கு 75 லட்சம் ஸ்டாக் ஆப்ஷன்களைப் பங்கு ஒன்றுக்கு 18.30 டாலர் விலையில் வழங்க ஒப்புதல் தந்ததாக அது சொன்னது. அப்படி ஒரு கூட்டம் நடக்கவே இல்லை. ஆப்ஷன் விவரங்கள் உண்மையில் முடிவானது டிசம்பர் 18 அன்று. அன்றைக்குப் பங்கின் விலை 21.01 டாலர். வித்தியாசம் 2.71 டாலர்தான். 75 லட்சத்தால் பெருக்கினால் 2 கோடி டாலரைத் தாண்டுகிறது.

ஐந்தாண்டுகள் கழித்து, 2006 டிசம்பர் கடைசியில், ஆப்பிளே இதைத் தன் அறிக்கையில் வெளியிட்டது. ஜாப்ஸ் அந்த ஆப்ஷன்களைக் கடைசிவரை பயன்படுத்தவில்லை. 2003இல் பங்கு விலை 18.30க்கும் கீழே கிடந்தபோது அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வகைப் பங்குகளைப் பெற்றுக்கொண்டார். சில வழங்கல்களுக்குச் சாதகமான தேதிகள் தேர்ந்தெடுக்கப்பட்டது அவருக்குத் தெரியும், ஆனால் அதன் கணக்கியல் விளைவு அவருக்குப் புரிந்திருக்கவில்லை என்றது நிறுவனத்தின் விசாரணைக் குழு. அதை நம்புவதும் நம்பாததும் வாசகர் பாடு. நான் கேட்க வருவது வேறு. உலகின் பெரிய நிறுவனங்களில் ஒன்று, பணம் கொடுக்க வேண்டுமென்றால் நேராகவே கொடுத்திருக்கலாம். குறைந்த விலை வைக்க வேண்டுமென்றால் குறைந்த விலை என்றே எழுதியிருக்கலாம். நடக்காத கூட்டத்தை நடந்ததாக எழுதுமளவுக்கு ஒரு தேதியில் என்ன இருக்கிறது?

ஸ்டாக் ஆப்ஷனைப் புரிந்துகொள்ள அமெரிக்கா வரை போக வேண்டாம், மனை வாங்கும்போது போடுகிற கிரைய ஒப்பந்தம் போதும். சென்ட் இன்ன விலை என்று பேசி, முன்பணம் கொடுத்து, கெடு வைத்து எழுதிக்கொள்கிறோம். கெடுவுக்குள் பக்கத்தில் பைபாஸ் வருகிறது என்று செய்தி வந்து விலை இரண்டு மடங்கானாலும், விற்பவர் பேசிய விலைக்கே எழுதித் தர வேண்டும். விலை விழுந்தால், பல நேரம் வாங்க வந்தவர் முன்பணம் போனால் போகிறது என்று நடையைக் கட்டிவிடுகிறார். ஆப்ஷனும் இப்படித்தான். இங்கே முன்பணம் ரூபாயில் கட்டப்படுவதில்லை, வேலை பார்த்த ஆண்டுகளில் கட்டப்படுகிறது.

நிறுவனம் ஓர் ஊழியருக்கு 1,000 ஆப்ஷன் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். வழங்கிய நாளில் பங்கின் விலை 100 ரூபாய், அதுவே ஒப்பந்த விலை. உடனே வாங்க முடியாது. வழக்கமாக நான்கு ஆண்டுகளில் பகுதி பகுதியாக உரிமை கைக்கு வரும், அதைத்தான் வெஸ்டிங் என்கிறார்கள். முதல் ஆண்டு முடியும்வரை ஒன்றுகூட வராது என்ற கிளிஃப் பெரும்பாலும் இருக்கும். பதினோராவது மாதம் வேலையை விட்டவர் வெறுங்கையோடு போவார். உரிமை வந்தபின் விலை 160 ஆனால், 100 ரூபாய் கட்டி 160 ரூபாய்ப் பங்கை வாங்கலாம். இப்படி வாங்குவதற்குப் பெயர் எக்சர்சைஸ். மொத்த ஆதாயம் 60,000 ரூபாய். விலை 80 ஆனால் யாரும் 100 கொடுத்து வாங்கப் போவதில்லை, கடிதம் டிராயரில் தூங்கும். தண்ணீருக்கடியில் போய்விட்டது என்று இதைச் சொல்வார்கள்.

ஆகவே ஒப்பந்த விலை எந்த நாளின் விலை என்பதில்தான் ஆப்ஷனின் உயிர் இருக்கிறது. கிரைய ஒப்பந்தத்திலும் அப்படித்தான். பழைய தேதி போட்ட முத்திரைத்தாளைத் தேடி அலைகிற ஆட்களை நம் ஊர்ப் பத்திர எழுத்தர்கள் நன்றாக அறிவார்கள். முன்தேதியிட்டு என்ற சொல்லும் நமக்குப் பழகியதுதான். அகவிலைப்படி உயர்வை அரசு முன்தேதியிட்டு அறிவிக்கும். ஆனால் அந்த அறிவிப்பிலேயே எந்தத் தேதியிலிருந்து என்று இருக்கும், ஊருக்கே தெரியும். அமெரிக்காவில் நடந்தது ஊருக்குத் தெரியாத முன்தேதி.

கணக்கியல் விதி ஒன்றுதான் இதற்கு வழி திறந்துவிட்டது. 1972இல் வந்த அமெரிக்க விதியின்படி, வழங்கும் நாளின் சந்தை விலையே ஒப்பந்த விலையாக இருந்தால் ஆப்ஷனுக்கு நிறுவனம் எந்தச் செலவும் காட்ட வேண்டியதில்லை. சந்தை 100 ரூபாயாக இருக்கும்போது 90 ரூபாய்க்குத் தந்தால் அந்த 10 ரூபாய் செலவு. 100க்கே தந்தால் செலவு பூஜ்யம். பத்தாண்டுக் கெடு உள்ள ஓர் உரிமையைக் கொடுத்துவிட்டு, கொடுத்ததன் மதிப்பு பூஜ்யம் என்று எழுதிக்கொள்ள முடிந்தது. அடுத்த ஆண்டே, 1973இல், ஃபிஷர் பிளாக்கும் மைரன் ஷோல்ஸும் ஆப்ஷனின் மதிப்பைக் கணக்கிடும் சூத்திரத்தை வெளியிட்டார்கள். கணக்கியல் அதைக் கண்டுகொள்ள முப்பது ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது.

இடையில் 1993இல் இன்னொரு சட்டம் வந்தது. உயர் அதிகாரிகளின் சம்பளம் எகிறுகிறது என்ற கோபத்தில், 10 லட்சம் டாலருக்கு மேற்பட்ட சம்பளத்தை நிறுவனங்கள் வரிக்கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்று அமெரிக்க நாடாளுமன்றம் விதித்தது. செயல்திறனைப் பொறுத்த ஊதியத்துக்கு மட்டும் விலக்கு. சந்தை விலைக்கே வழங்கிய ஆப்ஷன் அந்த விலக்குக்குள் வந்தது, விலையைக் குறைத்து வழங்கியது வரவில்லை. சம்பளத்தைக் கட்ட வந்த சட்டம் ஆப்ஷனுக்குச் சிறகு கட்டிவிட்டது. ஆப்ஷனையும் செலவாகக் காட்டுங்கள் என்று கணக்கியல் வாரியம் கேட்டபோது சிலிக்கான் பள்ளத்தாக்கு கொதித்தது. 1994 மே மாதம் அமெரிக்க மேலவை 88க்கு 9 என்ற வாக்கில் அந்த யோசனையைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. வாரியம் பின்வாங்கி, அடிக்குறிப்பில் காட்டினால் போதும் என்று 1995இல் முடித்துக்கொண்டது.

இப்போது அந்தப் பொய்க் கூட்டக் குறிப்புக்கு அர்த்தம் கிடைக்கிறது. அதிகாரிக்கு 18.30 விலையில் ஆப்ஷன் வேண்டும், கணக்கில் அது சந்தை விலையாகவும் தெரிய வேண்டும். இன்றைய சந்தை 21. இரண்டும் ஒருசேர நடக்க ஒரே வழி, விலை 18.30ஆக இருந்த நாளுக்குத் திரும்பிப் போவது. காலத்தில் பின்னால் நடக்க முடியாதவர்கள் காகிதத்தில் நடந்தார்கள்.

இதை முதலில் மோப்பம் பிடித்தவர்கள் போலீஸ்காரர்களோ தணிக்கையாளர்களோ அல்லர். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் டேவிட் யெர்மாக், 1992 முதல் 1994 வரை பெரிய அமெரிக்க நிறுவனங்களின் தலைமை அதிகாரிகளுக்குச் செய்யப்பட்ட 620 ஆப்ஷன் வழங்கல்களை எடுத்து, வழங்கியதற்குப் பிந்தைய நாட்களில் பங்கு விலை எப்படி நகர்ந்தது என்று பார்த்தார். அடுத்த 50 வர்த்தக நாட்களில் அந்தப் பங்குகள் சந்தையைவிட இரண்டு விழுக்காட்டுக்கும் மேல் கூடுதலாக ஏறியிருந்தன. 1997இல் வந்த கட்டுரையில் அவர் தந்த விளக்கம், நல்ல செய்தி வரப்போவதை அறிந்த அதிகாரிகள் அதற்கு முன்பே ஆப்ஷன் வாங்கிக்கொள்கிறார்கள் என்பது. அறிவுக்குப் பொருந்துகிற விளக்கம். நாணயத்தைச் சந்தேகிக்கிறது, ஆனால் தேதியைச் சந்தேகிக்கவில்லை.

தேதியைச் சந்தேகித்தவர் அயோவா பல்கலைக்கழகத்தின் எரிக் லீ. 1992 முதல் 2002 வரையிலான 5,977 வழங்கல்களை அவர் எடுத்துக்கொண்டார். வழங்கிய நாளுக்குப் பிறகு விலை ஏறியதோடு, அதற்கு முந்தைய நாட்களில் விலை விழுந்தும் இருந்தது. படம் வரைந்தால் வழங்கிய நாள் சரியாகப் பள்ளத்தின் அடியில் நின்றது. அதைவிட முக்கியமான தடயம் ஒன்றும் இருந்தது. தனிப் பங்கின் விலை மட்டுமல்ல, ஒட்டுமொத்தச் சந்தையுமே அந்த நாட்களுக்கு முன் தாழ்ந்து, பின் உயர்ந்திருந்தது. தன் நிறுவனத்தின் அடுத்த காலாண்டு முடிவு ஓர் அதிகாரிக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கலாம். அமெரிக்கச் சந்தை முழுதும் அடுத்த மாதம் எந்தப் பக்கம் போகும் என்று எவருக்கும் தெரியாது. அவ்வளவு தெரிந்தவர் கம்பெனி நடத்திக்கொண்டிருக்க மாட்டார். ஆகவே சில தேதிகளேனும் பின்னால் திரும்பிப் பார்த்துப் பொறுக்கப்பட்டவை என்று 2005இல் லீ எழுதினார்.

அடுத்த சோதனைக்குச் சட்டமே களம் அமைத்துக் கொடுத்தது. என்ரான் நிறுவனத்தின் வீழ்ச்சிக்குப் பின் வந்த சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டத்தால், 2002 ஆகஸ்ட் 29 முதல், அதிகாரிகள் தங்களுக்குக் கிடைத்த ஆப்ஷனை இரண்டு வேலை நாட்களுக்குள் பதிவு செய்தாக வேண்டும். அதுவரை மாதக்கணக்கில் அவகாசம் இருந்தது. யெர்மாக் சொன்னபடி நல்ல செய்திக்கு முன் வழங்கும் உத்தி மட்டுமே காரணம் என்றால், புதிய விதிக்குப் பிறகும் அந்த விலைப் பள்ளம் தொடர்ந்திருக்க வேண்டும். ராண்டல் ஹெரனும் லீயும் பார்த்தபோது பள்ளம் பெருமளவு தூர்ந்துபோயிருந்தது. சட்டத்தை மதித்து உடனே பதிவு செய்தவர்களிடம் அது கிட்டத்தட்ட இல்லை, தாமதமாகப் பதிவு செய்தவர்களிடம் மட்டும் நீடித்தது. ஆய்வுலகில் இவ்வளவு சுத்தமான ஆதாரம் கிடைப்பது அபூர்வம். பொய் சொல்ல அவகாசம் எவ்வளவோ, அவ்வளவுக்கு அதிர்ஷ்டமும் இருந்தது.

2006 மார்ச்சில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் இதைப் பெயர்களோடு வெளியிட்டது. அஃபிலியேட்டட் கம்ப்யூட்டர் சர்வீசஸ் என்ற நிறுவனத்தின் தலைமை அதிகாரிக்குச் செய்யப்பட்ட ஆறு ஆப்ஷன் வழங்கல்களும் விலை ஏறப்போகும் தறுவாயில் அமைந்திருந்தன. தற்செயலாக அப்படி அமைய 30,000 கோடியில் ஒரு வாய்ப்பு என்று அந்த நாளிதழ் கணக்கிட்டது. அடுத்த ஆண்டு பொதுச் சேவைக்கான புலிட்சர் பரிசு இந்தத் தொடருக்குக் கிடைத்தது. நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் விசாரணைக்கு உள்ளாயின. யுனைடெட்ஹெல்த் தலைவர் வில்லியம் மெக்வயர் பதவி இழந்து, 2007இல் 46.8 கோடி டாலருக்கு உடன்படிக்கை செய்துகொண்டார். பிரோகேட் நிறுவனத்தின் கிரெகரி ரெயஸ் இரண்டு முறை விசாரிக்கப்பட்டு 18 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். காம்வர்ஸ் நிறுவனத்தின் கோபி அலெக்சாண்டர் நமீபியாவுக்குப் போய்ப் பத்தாண்டுகள் இருந்துவிட்டு, 2016இல் திரும்பி வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டார். இதெல்லாம் ஒரு சிலரின் பேராசை என்று தள்ளிவிட முடியாது. 1996 முதல் 2005 வரையிலான காலத்தில், ஏறத்தாழ 29 விழுக்காடு நிறுவனங்கள் உயர் அதிகாரிகளுக்கான ஆப்ஷன் தேதிகளில் ஏதாவது ஒரு கட்டத்திலேனும் கைவைத்திருக்கும் என்பது ஹெரன், லீ இருவரின் பிந்தைய மதிப்பீடு. பத்தில் மூன்று. இது வழக்கம் என்றே சொல்லத் தக்க அளவு.

முன்தேதிக் கதவு அடைபட்டது. யெர்மாக் காட்டிய ஜன்னல் திறந்தேதான் இருந்தது. 2020 ஜூலை 27 அன்று கோடாக் நிறுவனம் தன் தலைவருக்கு 17.5 லட்சம் ஆப்ஷன்களை, 3.03 டாலரில் தொடங்கி 12 டாலர் வரை படிப்படியான விலைகளில் வழங்கியது. அன்று பங்கு 2.62 டாலரில் முடிந்தது. மறுநாள், மருந்து மூலப்பொருள் தயாரிக்க அரசிடமிருந்து 76.5 கோடி டாலர் கடன் கிடைக்கவிருக்கிறது என்ற அறிவிப்பு வந்தது. ஜூலை 29 அன்று பங்கு ஒரு கட்டத்தில் 60 டாலரைத் தொட்டது. இங்கே தேதி பொய்யில்லை. கூட்டம் நடந்தது, காகிதம் ஒழுங்காக இருந்தது. நிறுவனம் அமர்த்திய வழக்கறிஞர்களின் ஆய்வு, சட்ட மீறல் இல்லை என்றது. 2021 நவம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணைய அதிகாரிகள், இப்படி நல்ல செய்திக்கு முன் வழங்கும் ஆப்ஷனின் மதிப்பைக் கணக்கிடும்போது வெளிவராத செய்தியையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று வழிகாட்டுதல் தந்தார்கள். தடை இல்லை, கணக்கில் காட்டு என்பதோடு சரி.

இவ்வளவும் மேல்மாடிக் கதை. கீழ்த்தளத்தில், 25 வயதில் முதல் வேலைக்குச் சேரும் பொறியாளருக்கு ஆப்ஷன் கடிதம் என்ன சொல்கிறது?

நீங்களும் உரிமையாளர், ஆகவே முனைந்து உழைப்பீர்கள் என்பது நிறுவனங்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம். பொருளியலாளர்களுக்கு இது பிடிபடவில்லை. ஊர் கூடி இழுக்கும் தேரில் ஒருவர் வடத்தை விட்டுவிட்டால் தேர் நிற்குமா? 5,000 பேர் வேலை பார்க்கும் நிறுவனத்தில் ஒரு டெஸ்டிங் பொறியாளர் இரவு பகலாக உழைத்தாலும் பங்கு விலை அவரால் அசையாது, அசைந்தாலும் பலனில் அவர் பங்கு துளி. பால் ஓயரும் ஸ்காட் ஷேஃபரும் 2005இல் வெளியிட்ட ஆய்வு, எல்லா ஊழியருக்கும் ஆப்ஷன் தரும் நிறுவனங்களின் நடத்தையோடு ஊக்கம் என்ற காரணம் பொருந்தவில்லை என்று காட்டியது. பொருந்தியவை இரண்டு. ஒன்று, நிறுவனத்தின் எதிர்காலத்தை நம்புகிறவர்களைச் சலித்தெடுப்பது. இன்னொன்று, ஆட்களை ஓட விடாமல் வைப்பது. துறை சூடாக இருந்து வெளியே சம்பளம் ஏறும்போது ஆப்ஷனின் மதிப்பும் தானாக ஏறுகிறது, மறுபடி பேரம் பேசத் தேவையில்லாமல் போகிறது.

சலித்தெடுப்பது என்பதற்குள் ஒரு சங்கடமும் ஒளிந்திருக்கிறது. சமிக்ஞை நம்பத்தக்கதாக இருக்க வேண்டுமென்றால் அதைத் தருபவருக்கு அது செலவு வைக்க வேண்டும் என்பது மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் வேலைச் சந்தையை வைத்து நிறுவிய கருத்து. சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு ஆப்ஷனை வாங்குகிற ஊழியர், தன் நம்பிக்கையைச் செலவு செய்து காட்டிவிட்டார். நிறுவனம் என்ன செலவு செய்தது? செலவே எழுத வேண்டாம் என்ற காலத்தில் கணக்கில் ஒன்றுமில்லை. கையில் காசில்லாத நிறுவனமும் ஆப்ஷன் தரும், எதிர்காலம் நிச்சயம் என்று நம்பும் நிறுவனமும் தரும். கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டையும் பிரித்தறிய முடியாது. நிட்டாய் பெர்க்மனும் டிர்க் ஜென்டரும் 2007இல் மூன்றாவது சாத்தியத்தைச் சொன்னார்கள். ஊழியர்கள் பங்கைப் பற்றி மிகைக் கற்பனையில் இருக்கும்போது நிறுவனங்கள் அதிகமாக ஆப்ஷன் தருகின்றன. அதாவது, நிறுவனம் தன்னை நம்புவதால் தருவதைவிட, நீங்கள் நம்புகிறீர்கள் என்பது தெரிந்து தருகிறது. எனக்கு இந்த மூன்றாவது விளக்கம் கசப்பாக இருக்கிறது, ஆனால் தள்ளிவிட முடியவில்லை.

தருவதைப் போலவே நிறுத்துவதும் பேசும். 2003 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் ஆப்ஷன் வழங்குவதை நிறுத்தி, நேராகப் பங்காகவே தரப்போவதாக அறிவித்தது. டாட்காம் குமிழி உடைந்தபின் அங்கே பல்லாயிரம் பேரின் ஆப்ஷன்கள் தண்ணீருக்கடியில் கிடந்தன. பங்காகத் தந்தால் விலை விழுந்தாலும் ஏதாவது மிஞ்சும். விலை ஏறினால்தான் கூலி என்பதிலிருந்து, விலை எப்படியானாலும் கொஞ்சம் கூலி என்பதற்கு ஒரு நிறுவனம் நகர்வது தன் வயதைத் தானே ஒப்புக்கொள்வது மாதிரி. 2004 டிசம்பரில் அமெரிக்கக் கணக்கியல் வாரியம் ஒருவழியாக ஆப்ஷன்களைச் செலவாகக் காட்டக் கட்டளையிட்டது. பூஜ்யம் என்ற சலுகை போனதும் எல்லாருக்கும் ஆப்ஷன் என்ற தாராளமும் குறைந்தது. ஊழியரை உரிமையாளராக்கும் லட்சியத்தில் எவ்வளவு லட்சியம், எவ்வளவு கணக்கு என்பது அப்போது தெரிந்தது.

இந்தியாவில் தேதி விளையாட்டுக்கு அவ்வளவு தேவை எழவில்லை. இன்ஃபோசிஸ் 1994இலேயே ஊழியர்களுக்குப் பங்குத் திட்டம் கொண்டுவந்தது. பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபியின் வழிகாட்டுதல் 1999இல் வந்தது, 2014இலும் 2021இலும் விதிகள் புதுப்பிக்கப்பட்டன. வழங்கிய நாளிலிருந்து குறைந்தது ஓராண்டு கழித்தே உரிமை கைக்கு வர வேண்டும் என்பது நிபந்தனை. ஒப்பந்த விலையை மட்டும், கணக்கியல் விதிகளுக்கு உட்பட்டு, நிறுவனமே வைத்துக்கொள்ளலாம். சந்தை விலைக்குக் கீழே வழங்கினால் அமெரிக்க ஊழியர் மேல் 20 விழுக்காடு கூடுதல் வரி விழும். இங்கே ஒரு ரூபாய் என்ற பெயரளவு விலையில் ஈசாப், அதாவது ஊழியர் ஆப்ஷன், தருகிற நிறுவனங்கள் உண்டு. ஒரு ரூபாய்க்கே தர முடியும்போது பள்ளத்தின் அடியைத் தேடி யார் முன்தேதி போடப்போகிறார்கள்? ஆகவே நம் ஊர்க் கடிதத்தில் விலையையோ தேதியையோ துப்பாகப் பிடித்துக்கொண்டு போக முடியாது. துப்பு வேறு வரிகளில் இருக்கிறது.

முதலாவதாக, எத்தனையில் எத்தனை. 10,000 ஆப்ஷன் என்று கேட்டால் மனம் குளிரும். மொத்தப் பங்குகள் 1 கோடி என்றால் அது 0.1 விழுக்காடு. 100 கோடி என்றால் 0.001. கடிதத்தில் மேலே உள்ள எண் இருக்கும், கீழே வகுக்க வேண்டிய எண் பெரும்பாலும் இருக்காது. கேட்டும் சொல்லாவிட்டால் அந்த மௌனமும் சமிக்ஞைதான். அடுத்து, முதலீட்டாளர்களின் முன்னுரிமை. அவர்கள் போட்ட 100 கோடி முதலில் திரும்ப வேண்டும் என்று ஒப்பந்தம் இருந்து, நிறுவனம் 90 கோடிக்கு விற்றால், ஈசாப் வைத்திருப்பவருக்கு ஒன்றும் வராது. செய்தித்தாளில் மட்டும் 90 கோடிக்குக் கைமாறியது என்று வரும். பிறகு, வேலையை விட்டால் எத்தனை நாளுக்குள் வாங்க வேண்டும் என்ற கெடு. அமெரிக்க வரிச் சலுகை விதியில் உள்ள மூன்று மாதம் உலகெங்கும் வழக்கமாகப் பரவிவிட்டது. தாராளமாக ஐந்தாண்டு, பத்தாண்டு தருகிற நிறுவனமும் இருக்கிறது. ஒரு நிறுவனம் தன் பழைய ஊழியரைப் பங்காளியாக எண்ணுகிறதா, ஓடிப்போனவராக எண்ணுகிறதா என்பது அந்த ஒரு வரியில் தெரிந்துவிடும்.

கெடு ஏன் கழுத்தை நெரிக்கிறது என்பது வரியைப் பார்த்தால் விளங்கும். பட்டியலிடப்படாத ஒரு நிறுவனத்தில் ஒப்பந்த விலை 10 ரூபாய், மதிப்பீட்டு விலை 500. 1,000 பங்கை எக்சர்சைஸ் செய்கிறவருக்கு 4,90,000 ரூபாய் சம்பள வருமானமாகக் கணக்காகும். 30 விழுக்காட்டு வரம்பில் இருப்பவர் 1,47,000 ரூபாய் வரியும் அதன்மேல் செஸ்ஸும் கட்ட வேண்டும். பங்கை விற்க இடமில்லை, கையில் காசு வரவில்லை, ஆனால் வரி வந்துவிட்டது. 2020 பட்ஜெட் இதைத் தள்ளிப்போட வழி செய்தது. அரசுச் சான்று பெற்ற, தகுதியுள்ள ஸ்டார்ட்அப்களுக்கு மட்டும். ஊழியர் வேலையை விட்டால் அந்தச் சலுகையும் அன்றோடு முடிகிறது. எந்த நாளில் அது மிகவும் தேவையோ அந்த நாளில்.

சென்னையில் பிறந்த ஃப்ரெஷ்வொர்க்ஸ், 2021 செப்டம்பர் 22 அன்று நாஸ்டாக்கில் 36 டாலர் விலையில் இறங்கி 47.55இல் முடிந்தபோது, 500க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள், அவர்களில் 70 பேர் அளவில் 30 வயதுக்குட்பட்டவர்கள் என்று நிறுவனர் கிரிஷ் மாத்ருபூதம் சொன்னார். தமிழ்ப் பத்திரிகைகளில் அது தலைப்புச் செய்தி. அதில் மிகையில்லை. அதுவரை பங்குப் பணம் என்றால் முதலாளி வீட்டுப் பணம் என்றிருந்த ஊரில் அது பெரிய மாற்றம். ஆனால் ஓராண்டு முடிவதற்குள் அதே பங்கு வெளியீட்டு விலையில் பாதிக்கும் கீழே போனது தலைப்பில் வரவில்லை. முதல் நாள் விலையில் எண்ணப்பட்ட கோடிகள் எல்லாம் அந்த விலையில் கைக்கு வந்தவை அல்ல.

இந்தக் காகிதம் உண்மையில் என்ன என்ற கேள்வி நீதிமன்றத்துக்கே போயிருக்கிறது. துணை நிறுவனமான போன்பே பிரிந்துபோனதால் ஆப்ஷனின் மதிப்பு குறைந்தது என்பதற்காக, 2023இல் ஃபிளிப்கார்ட் தன் ஆப்ஷன் வைத்திருந்தவர்களுக்கு ஓர் ஆப்ஷனுக்கு 43.67 டாலர் வீதம் ஈடு கொடுத்தது. அவர்கள் பங்கை வாங்கவுமில்லை, ஆப்ஷனை விற்கவுமில்லை. இது வருமானமா? 2024இல் சென்னை உயர் நீதிமன்றம், சம்பளத்தின் பகுதியான சலுகை, வரி உண்டு என்றது. அதே ஆண்டு டெல்லி உயர் நீதிமன்றம், இது மூலதன வரவு, வரி இல்லை என்றது. ஒரே நிறுவனம், ஒரே பணம். கூலி என்று சென்னையும் சொத்து என்று டெல்லியும் படித்த கடிதத்தை, வேலைக்குச் சேருகிற நாளில் பதினைந்து நிமிடத்தில் படித்துக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள்.

கொடுப்பவர்களின் தேதியைப் பற்றியே இதுவரை பேசினேன். வாங்குபவர்களுக்கும் ஒரு தேதி உண்டு, அவர்கள் எக்சர்சைஸ் செய்யும் நாள். சிப் ஹீத், ஸ்டீவன் ஹடார்ட், மார்க் லாங் மூவரும் ஏழு அமெரிக்க நிறுவனங்களின் 50,000க்கும் மேற்பட்ட ஊழியர்களின் கணக்குகளைப் பார்த்து 1999இல் எழுதினார்கள். பங்கு விலை, முந்தைய ஓராண்டின் உச்சத்தைத் தாண்டியதும் எக்சர்சைஸ் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிறது. நிதிக் கோட்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. போன வருஷம் விட்டதை இப்போதாவது பிடிப்போம் என்கிற மனசு. அப்படியானால் சாதாரண ஊழியர்களின் முடிவில் தகவல் ஏதும் இல்லை என்று நினைக்கத் தோன்றும்.

அவர்களில் ஹடார்டும் லாங்கும் 2003இல் மீண்டும் வந்தார்கள். ஊழியர்கள் அதிகமாக எக்சர்சைஸ் செய்த மாதங்களுக்குப் பிறகு அந்தப் பங்குகள் சோர்ந்தன, குறைவாகச் செய்த மாதங்களுக்குப் பிறகு நன்றாகப் போயின. இந்த முன்னறிவு மேல்மட்ட அதிகாரிகளிடம் மட்டும் இருக்கவில்லை, அடிமட்ட ஊழியர்களின் முடிவுகளிலும் இருந்தது. ஆர்டர் வரவில்லை என்பது சரக்கு அறையில் இருப்பவருக்குத் தெரிகிறது. வாடிக்கையாளர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை என்பது போனை எடுப்பவருக்குத் தெரிகிறது. தலைமை அதிகாரி எக்சர்சைஸ் செய்தால் இரண்டு வேலை நாளில் உலகத்துக்குத் தெரிந்துவிடும், அதற்குச் சட்டம் இருக்கிறது. போனை எடுக்கிறவர் எப்போது செய்தார் என்பதை வெளியே சொல்லச் சட்டம் இல்லை. அந்தக் கணக்கு மாதாமாதம் நிறுவனத்தின் ஈசாப் நிர்வாகியுடைய கணினியில் சேர்ந்துகொண்டிருக்கிறது.